கேட்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை

நூலக அறிவியல் என்பது அடுத்தவர் எழுதியதை அடுக்கி வைக்கிற தொழில். அதில் ஆராய்ச்சி என்பது, அடுக்கி வைத்ததை எண்ணிப் பார்க்கிற தொழில். இரண்டிலும் நாமாக ஒரு வார்த்தை சொல்வதற்கு இடம் கிடையாது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருந்தால் நான் தையல் மிஷின் வாங்கிப் போட்டுப் பிழைத்திருப்பேன்.

ஏதோ ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் பதிவு செய்து, நெறியாளர் வீட்டு வளைகாப்பில் பந்தி பரிமாறி, 'தங்கள் கட்டுரை பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரியைத் திறந்து திறந்து பார்த்து நொந்து போயிருக்கிற ஜீவன்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இது உங்களுக்காக. மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று தோன்றும். தோன்றட்டும்.

பர்மனென்டா?

நெய்வேலியில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். பர்மனென்டா, கான்ட்ராக்டா, அவ்வளவுதான். பதிலைப் பொறுத்து நாற்காலி போடுவதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்று முடிவாகும். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நான் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் நூலகர், அதுவும் கான்ட்ராக்ட். ஆகவே எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது, வாடகை வீடு. வருஷா வருஷம் ஏப்ரலில்தான் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள், அதுவரை இரண்டு பேரும் ஒரே காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருப்போம். சொந்தக்காரர் கல்யாணத்தில், 'இன்னும் அப்படியேதான் இருக்கீங்களா?' என்று அக்கறையாகக் கேட்பார்கள். அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒருநாள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நூலகர் பதவி பர்மனென்ட் ஆகப் போகிறது, அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் என்றார். ஆராய்ச்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கும் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் அடுத்த கமிட்டியில் என் பெயரை வைப்பாராம். காலையில் நூலகத்தைத் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுவது வரை எல்லாம் நான் ஒருத்திதானே சார், எப்போது எழுதுவது என்றேன். முதல்வர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"எழுதுறது என்னம்மா பெரிய வேலை? நீங்கதான் நாள் பூரா புக்ஸ் நடுவுலயே உக்காந்திருக்கீங்களே!"

பலாப்பழம்

கல்லூரி நூலகரின் வேலைகளில் வெளியே தெரியாத ஒன்று உண்டு. யார் கட்டுரை எழுதினாலும் அது வேறெங்கிருந்தும் எடுக்கப்படவில்லை என்று ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். பிறரோடு ஒத்துப்போகிற வரிகள் சிவப்பாக வரும். பத்து சதவீதத்துக்கு மேல் சிவப்பு இருந்தால் நான் கையெழுத்துப் போடக் கூடாது. இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான், என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிற பேராசிரியர்களும் மார்ச் மாதம் ஆனால் 'மேடம்' என்பார்கள்.

எங்கள் காமர்ஸ் சார் நல்ல மனுஷன். பண்ருட்டிக்காரர். ஒரு சீசனில் முழுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். கூடவே ஆய்வேடு. போட்டுப் பார்த்தால் முதல் பக்கத்திலிருந்தே சிவப்பு. சரி, முன்னுரைதானே என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் நன்றியுரையும் சிவப்பு. 'இரவு பகலாக எனக்குத் துணை நின்ற என் அன்பு மனைவி மரியபுஷ்பத்துக்கு' என்று இருந்தது. சாரின் மனைவி பெயர் கலைச்செல்வி, எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அடடா, வூட்டுக்காரம்மா பேரை மாத்த மறந்துட்டேன் மேடம். அத்த மட்டும் சரிபண்ணிட்டா மத்ததெல்லாம் என் சொந்தம்தான்."

எண்ணுவதற்கு ஏற்றது

என் நெறியாளர் வேறொரு ஊரில், பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். போக வர பஸ்ஸிலேயே ஒரு நாள் போய்விடும். முதல் தடவை போனபோது, என்ன செய்யலாம் என்று இருக்கிறாய் என்றார். சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே ஒரு கிளை நூலகம் இருந்தது. ஜனங்களெல்லாம் இப்போது புதுக் காலனியில் இருக்கிறார்கள். ஊர் போன பிறகு வாசகர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கலாம் என்றேன். நான் குறிஞ்சிப்பாடியில் பிறந்தவள். அந்த ஊர் எனக்குப் பஸ் ஜன்னல் வழியாகப் பழக்கம். ஜன்னலில் தெரிந்தது ஒருநாள் தெரியாமல் போனால் மனசு கேட்காது, அவ்வளவுதான் காரணம்.

அவர் முகம் சுருங்கியது. லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரி பற்றி உலகம் முழுக்க வெளிவந்த கட்டுரைகள் எத்தனை, எந்த நாட்டில் எத்தனை, யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள், இதை எண்ணி ஒரு படம் போட்டால் ஆறு மாதத்தில் கட்டுரை தயார் என்றார். அந்தத் தலைப்பை ஏற்கெனவே சதீஷ் என்ற அவருடைய இன்னொரு மாணவர் எண்ணிக்கொண்டிருந்தார். சதீஷும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சாதுவான தம்பி, உடனே எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். அந்தத் தலைப்பு ஏற்கெனவே போய்விட்டதால், போனால் போகிறது என்று என் தலைப்புக்குச் சம்மதித்தார் நெறியாளர். சம்மதித்துவிட்டு எனக்காக வருத்தப்படவும் செய்தார்.

"மனுஷங்களை ஆராய்ச்சி பண்ணினா அவங்க மாறிட்டே இருப்பாங்கம்மா. பேப்பரை எண்ணினா அது வெச்ச எடத்துலயே இருக்கும்."

காற்றோட்டம்

ஆராய்ச்சி என்றால் வினாத்தாள் வேண்டும். அதை நாமாகத் தயாரிக்கக் கூடாது. ஏற்கெனவே யாரோ சோதித்து ஒப்புக்கொண்ட வினாத்தாளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நெறியாளர் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்தார். ஏதோ பொறியியல் கல்லூரி நூலகத்துக்குத் தயாரித்தது. 'நூலகத்தின் காற்றோட்டம்: மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி' என்று ஐந்து கட்டம். வெளிச்சத்துக்கு ஐந்து கட்டம். கழிப்பறைக்கு ஐந்து. சார், அந்த நூலகமே இப்போது இல்லை, கட்டடம் இருந்த இடம் சுரங்கத்துக்குள் போய்விட்டது என்றேன். ஒரு கேள்வியை எடுத்தாலும் வினாத்தாள் செல்லாது என்றார்.

வினாத்தாள் செருகிய அட்டையோடு புதுக் காலனிக்குப் போனேன். முதலில் அகப்பட்டவர் கலியபெருமாள். ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டு இருந்தவர், இப்போது அதே இடத்துக்குப் பக்கத்தில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்த தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். காற்றோட்டம் வந்தது. எனக்கே வாய் கூசியது. விதி விதிதான், கேட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். இல்லை, இந்த அம்மாவுக்கு இதுதான் பிழைப்பு என்று புரிந்ததும் நிதானமாகச் சொன்னார்.

"மிகவும் திருப்தின்னு போட்டுக்குங்க மேடம். இப்ப அங்க செவுரே இல்ல, நாலா பக்கமும் காத்துதான்."

அஞ்சலையக்கா

வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் கலியபெருமாள் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் அந்த ஊரில் தினமும் காலையில் நூலக வாசலில் உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படிப்பாராம். அவருக்காகத்தான் படிப்பது, ஆனால் சத்தமாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூப்பிட வரும்வரை காத்துக்கொண்டு நிற்கிற ஜனம் அத்தனையும் சுற்றி உட்கார்ந்து கேட்கும். அதில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நூலகப் பதிவேட்டில் ஒருவர் பெயரும் கிடையாது. 'அந்தா, அந்த அஞ்சலைய கேளுங்க' என்று பக்கத்து வீட்டைக் காட்டினார்.

அஞ்சலையக்கா ஒரு மணி நேரம் பேசினாள். மழைச் சேதி வந்தால் இரண்டு தடவை படிக்கச் சொல்வாளாம். எங்கேயோ வடக்கே பாலம் இடிந்தது, யாரோ ஒரு பெண் பிள்ளை ஓடி மெடல் வாங்கியது எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொன்னாள். காலனியில் புது வாசகசாலை இருக்கிறது. ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பேப்பரும் வருகிறது. ஆனால் கலியபெருமாளுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. கேட்கிற ஜனமும் ஆளுக்கு ஒரு திசையில் வேலைக்குப் போகிறது. எல்லாரும் சும்மா இருக்கிற ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது. பேப்பர் மடித்த மடிப்புக் கலையாமல் சாயங்காலம் வரை கிடக்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஊர் போனால் நூலகம் முதலில் இழப்பது வாசிக்கிறவர்களை அல்ல, கேட்கிறவர்களை. அவர்கள் பெயர் எதிலும் இல்லாததால் இழந்ததே யாருக்கும் தெரியாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான். இது அச்சில் வந்தால் எனக்கு வேலை நிலைக்கும் என்பதைக்கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டேன். கிளம்பும்போது அச்சில் வந்ததும் வந்து படித்துக் காட்ட வேண்டும் என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அதை அப்படியே என் கட்டுரையின் முதல் வரியாகப் போட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சரம்மா, ஆனா எங்க ஊர்ல இருந்தவரைக்கும் நான் பேப்பர் படிக்காத நாளே இல்ல."

கட்டம்

கட்டுரையை எழுதி முடித்து நெறியாளருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு நேரிலும் போனேன். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி நடக்கும். அஞ்சலையக்கா சொன்னதை மொழிபெயர்க்க மட்டும் நாலு நாள் மல்லுக்கட்டினேன். நெறியாளர் பேனாவை எடுத்து 'கேட்பவர்கள்' என்று வந்த இடமெல்லாம் சுழித்தார். வட்டம் போட்டுப் போட்டுக் கட்டுரையே மறைந்துவிட்டது.

பதிவேட்டில் பெயர் இல்லாதவரை எப்படி வாசகர் என்பாய் என்றார். அவர்கள் வாசகர் என்று நான் சொல்லவில்லை சார், கேட்பவர்கள் என்றேன். வினாத்தாளில் அவர்களுக்குக் கட்டம் எங்கே என்றார். கட்டம் இல்லாததுதானே சார் கட்டுரையே என்றேன். பக்கத்தில் லிக்னைட்டை எண்ணிக்கொண்டிருந்த சதீஷ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்த மாதிரி கூட இருந்தது. கட்டுரை தன்னிடமே இருக்கட்டும், சரிசெய்து தருகிறேன் என்றார் நெறியாளர். ஒவ்வொரு மாதமும் போன் செய்தேன். ஒவ்வொரு மாதமும் ஒரே பதில்.

"பாத்துட்டுதான்மா இருக்கேன். அவசரப்பட்டா ஆராய்ச்சி நிக்காது."

இணைக்க மறந்தது

ஏப்ரல் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது பார்த்து ஒரு பத்திரிகையிலிருந்து மெயில். 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் அரிய ஆய்வுக்காக ஆவலோடு காத்திருக்கிறோம்.' என் வாழ்க்கையில் என்னை யாரும் பேராசிரியர் என்றதில்லை. புத்தி கெட்டுப்போய் உடனே ஒரு பணிவான கடிதம் எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள், சர்வதேச நிபுணர் குழு என் கட்டுரையைத் தீர ஆராய்ந்து ஏற்றுக்கொண்டுவிட்டதாகப் பதில். பணம் கட்ட வேண்டிய வங்கி விவரமும் இருந்தது. சந்தோஷத்தோடு என் மெயிலைத் திறந்து பார்த்தேன். கடிதம் மட்டும்தான் போயிருந்தது. கட்டுரையை இணைக்க மறந்திருந்தேன்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதல்வர் கேட்கிற பட்டியலில் அந்தப் பத்திரிகை இல்லை என்பதால் அதை அங்கேயே விட்டேன். காமர்ஸ் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை.

"நல்லதுதான் மேடம். இணைச்சிருந்தீங்கன்னா திருத்தம் சொல்லியிருப்பானுங்க."

சிவப்பு

இனி நெறியாளரை நம்பிப் பயனில்லை, அவர் பெயரையும் சேர்த்துப் போட்டு நானே ஒரு நல்ல பத்திரிகைக்கு அனுப்பிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அனுப்புமுன் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தருவது நூலகர். அதாவது நான். ஊரார் கட்டுரையையெல்லாம் போட்ட அதே மென்பொருளில் முதல் தடவையாக என் கட்டுரையைப் போட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திரை முழுக்க ஒரே சிவப்பு. தலைப்பைத் தவிர ஒரு வரி மிச்சம் இல்லை. முதலில் நான் பதறவில்லை. எங்கள் தொழிலில் இது சகஜம். யாராவது முன்பே ஒரு தடவை போட்டுச் சேமித்திருந்தால், அடுத்த தடவை கட்டுரை தன்னோடு தானே ஒத்துப்போய்ச் சிவப்பாகும். சேமித்ததை நீக்கச் சொல்லி எழுதிப் போட்டால் தீர்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மூலத்தை அழுத்தினேன். வேறொரு பத்திரிகை திறந்தது, பட்டியலில் இருக்கிற பத்திரிகைதான். ஆசிரியர்கள் இருவர்: நெறியாளர், சதீஷ். அஞ்சலையக்காவின் வாக்கியம் முதல் வரியில் அப்படியே இருந்தது, என் தட்டுத் தடுமாறும் இங்கிலீஷோடு. 'கேட்பவர்கள்' என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. மாற்றியது ஒன்றுதான். சுரங்கத்துக்குப் போன கிராமம், துறைமுகத்துக்காக இடம் மாறிய கடலோரக் கிராமம் ஆகியிருந்தது.

இரண்டு கட்டுரையையும் பிரதி எடுத்துக்கொண்டு முதல்வரிடம் ஓடினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாவம், உண்மையாகவே சங்கடப்பட்டார். ஆனால் அந்தக் கட்டுரை முதலில் வந்துவிட்டது, என்னுடையது இன்னும் வரவே இல்லை. விதிப்படி யாரைப் பார்த்து யார் எழுதியதாக ஆகும்? என் கட்டுரை திருட்டு என்று எழுதி, கீழே நூலகர் என்று கையெழுத்துப் போட வேண்டியது நான். போட்டேன்.

"உங்க பேப்பர்ங்கறதுக்காக சலுகை காட்டினீங்கன்னா, நாளைக்கு மத்தவங்க சும்மா இருப்பாங்களா மேடம்?"

முறையான வழி

மறுநாளே பஸ் ஏறினேன். நெறியாளர் கோபப்படுவார், மழுப்புவார் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. டீ வரவழைத்தார். பிஸ்கட் வேறு. நான் கத்தினேன், இல்லையென்று சொல்லவில்லை; என் வாழ்நாளில் படித்தவர் ஒருவரை அப்படிப் பேசியதில்லை. முழுவதும் கேட்டுக்கொண்டார். இடம் வேறு, ஆள் வேறு, எப்படி அது காப்பி ஆகும் என்றார். கடலோரத்துக்கு நீங்கள் எப்போது சார் போனீர்கள் என்றேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"நீ எங்க பேப்பரை மேற்கோள் காட்டி, உங்க ஊர்லயும் அதே மாதிரி இருக்குன்னு எழுதும்மா. ஒரு கருத்து ரெண்டு எடத்துல உறுதியாச்சுன்னா அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி."

நேராகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். என் கட்டுரையை அவருக்கு அனுப்பிய மெயில், தேதியோடு, எல்லாம் கையில் இருந்தது. மனு எழுதிக் கொடுத்தேன். ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த அம்மா நல்லவர். வரிக்கு வரி படித்து, த்சொ த்சொ என்றார். அவர் மகளும் எங்கேயோ ஆராய்ச்சி செய்கிறாளாம், கேட்டதும் கண்கலங்கினார். கலங்கிவிட்டு மனுவைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"எந்த மனுவா இருந்தாலும் கைடு வழியாத்தான் வரணும்ங்க. கீழ அவர் கையெழுத்து வாங்கிட்டு வந்திருங்க."

புது நூலகர்

கமிட்டி நடந்தது. நூலகர் பதவி பர்மனென்ட் ஆனது. ஆனது பதவிதான், நான் இல்லை. விளம்பரம் கொடுத்து நேர்முகம் வைத்து, பட்டியலில் உள்ள பத்திரிகையில் கட்டுரை வந்த ஒருவரை எடுத்தார்கள். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள்தானே. என் மேஜைக்கு அவர் வந்தார். எனக்கு எதிரில் ஒரு சின்ன மேஜை போட்டார்கள். 'உதவி நூலகர், கான்ட்ராக்ட்.' வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று அவரே சோறு வடித்தார்.

சதீஷ் முதல் நாள் ஒரு டப்பா ஜாங்கிரியோடு வந்து நின்றார். நான் எடுக்கவில்லை. கட்டுரையில் என்ன இருந்தது என்பதே அச்சில் வந்த பிறகுதான் தெரியும் என்றார். சார் கூப்பிட்டார், பெயரைப் போட்டிருக்கிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றார். நான் 'கட்டம் இல்லாததுதான் கட்டுரை' என்றபோது நிமிர்ந்து பார்த்தாயே தம்பி, அது எதற்கு என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். கடுமையாக ஏதாவது சொல்ல வாய் துடித்தது. ஆனால் பாருங்கள், அந்தப் பையனின் சட்டைக் காலர் பிய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஜாங்கிரி டப்பாவை மூடி அவர் மேஜையிலேயே வைத்தேன், கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"எனக்கும் வயசு ஆகுதுல்லக்கா. நானும் இத்தனை நாளா கான்ட்ராக்ட்தான்."

படித்துக் காட்டியது

வாக்குக் கொடுத்தது ஒன்று பாக்கி இருந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் காலனி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அஞ்சலையக்கா ஞாபகம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அச்சில் வந்த அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு எதை எடுத்துக்கொண்டு போவது, என்னுடையது எங்கேயும் வரவில்லையே. கலியபெருமாளுக்கு அன்று வார லீவு. வாசகசாலை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு என்று யாரோ சொன்னார்கள்.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கடலோரக் கிராமம் என்று வந்த இடத்தில் நாக்கு நின்றது. நம்ம ஊர் என்று மாற்றிப் படித்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்ததற்கு ஒரு புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது, அச்சில் இருப்பதை மாற்றக் கை வராது. கடலோரம் என்றே படித்தேன். வலை பின்னும் நேரத்தில் உட்கார்ந்து கேட்பார்கள் என்று இருந்தது, அதையும் படித்தேன். 'எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் பேப்பர் படிக்காத நாளே இல்லை' என்று ஒரு பெண் சொன்னதாக வந்தது. அதையும் படித்தேன். கலியபெருமாள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. யார் எழுதியது என்று கேட்கவில்லை, எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அஞ்சலையக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டாள். தன் பெயர் வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாளா, தெரியாது; வரவில்லை என்று குறைப்படவும் இல்லை. தான் சொன்னதைத்தான் அந்தப் பெண் சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லாமல் நானும் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"கடலோரத்துலயும் என்னை மாதிரியே ஒருத்தி இருக்கறாளா? பாவம் டீச்சரம்மா, அவளுக்கு இப்ப யாரு படிச்சுக் காட்டுறாங்க?"

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒரு துளி சிவப்பு வராத வாக்கியம் என்று எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான், ஆகவே இதை எந்த நெறியாளருக்கும் மெயிலில் அனுப்புவதாக இல்லை.